கடைசி வரிசை நாட்கள்

பிப்ரவரி 4
பணி உயர்வு விண்ணப்பத்தில் 'உங்கள் துறை' என்ற கட்டத்தில் இன்றும் பேனா நின்றுவிட்டது. முனைவர் பட்டம் வாங்கியது இயற்பியலில். பதினோரு ஆண்டுகளாகப் பார்க்கும் வேலையோ, மற்ற ஆசிரியர்களின் வகுப்பில் உட்கார்ந்து, கற்பித்தலைப் பற்றி அவர்களோடு பேசுவது. 'கல்வி மேம்பாட்டாளர்' என்று எழுதினால் கணினி பழுது பார்ப்பவர் என்று நினைத்துக்கொள்கிறார்கள். போன நேர்காணலில் ஒருவர் கேட்டே விட்டார்.

பிப்ரவரி 6
வேதியியல் வகுப்பு. ஆசிரியர் அருமையாக விளக்குகிறார், பொறாமையாகக்கூட இருந்தது. ஆனால் ஐம்பது நிமிடத்தில் பதினான்கு கேள்விகள் கேட்டார். பன்னிரண்டுக்கு அவரே விடையும் சொன்னார். எனக்கு முன்னால் இருந்த மாணவியின் கை மேசையிலிருந்து முழங்கை உயரம்வரை எழும். அதற்குள் விடை வந்துவிடும். கை மறுபடி பேனாவைத் தேடும். நான்கு முறை.

1970களில் அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ பள்ளி அறிவியல் வகுப்புகளில் அளந்தது இதைத்தான். கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் பொறுத்தார்கள். மூன்று விநாடி பொறுத்தபோது விடைகள் நீண்டன, பேசாதவர்களும் பேசினார்கள்.

பிப்ரவரி 7
அவரைப் பார்த்தேன். "பாடத்தை முடிக்க வேண்டாமா?" என்றார். நியாயமான கேள்வி, தேர்வுத் தேதி அவர் கையில் இல்லை. அறிவுரை சொல்லாமல், அவரே விடை சொன்ன ஒவ்வொரு கேள்விக்கும் நான் ஒரு கோடு போட்டுவைத்திருந்த தாளை மட்டும் நீட்டினேன். இரண்டு முறை எண்ணிப் பார்த்தார்.

பிப்ரவரி 11
'கற்பித்தல் ஆர்வங்கள்' பகுதிக்கு ஒரு பக்கம். நான் இந்தப் பக்கம் வந்ததே ஒரு லாரியால்தான். லாரியும் காரும் மோதினால் எது எதன்மீது அதிக விசை செலுத்தும்? நியூட்டனின் மூன்றாம் விதிக் கணக்குகளை மடமடவென்று போட்ட என் மாணவர்களில் பெரும்பாலோர் 'லாரி' என்றார்கள். இரண்டும் சமம். ஹார்வர்டில் இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூரின் மாணவர்களும் இவ்வகை வினாக்களில் தடுமாறியிருக்கிறார்கள். அதன்பின் அவர் விரிவுரையை நடுவில் நிறுத்தி, அவர்களைத் தங்களுக்குள் வாதாட வைத்தார். எனக்கு ஆறுதலாக இருந்தது, வெட்கமாகவும்.

துறைக் கட்டம் இன்னும் காலி.

பிப்ரவரி 13
புதிய விரிவுரையாளர்களுக்குப் பயிற்சி. தலைப்பு: கேள்வி கேட்டுக் காத்திருத்தல். "ஏன் காத்திருப்பது கடினம்?" என்று கேட்டேன். அறை அமைதியானது. "ஏனென்றால், அமைதி நமக்குத் தோல்வியாகத் தெரிகிறது" என்று நானே சொல்லி முடித்தேன்.

கடைசி வரிசையில் வேதியியல்காரர் தாளை எடுத்து ஒரு கோடு போட்டார்.