டுக்னாட்டுக்குப் போன கதை

நான் ஒஸ்லோவுக்கு வந்து சேர்ந்தது 2010 பெப்ரவரியில். எங்கள் மாடிக்கட்டடத்தின் முற்றத்தில் என்ன இருக்கிறது என்று முதல் இரண்டு மாதமும் எனக்குத் தெரியாது. எல்லாம் பனிக்குள் புதைந்து கிடந்தது. சித்திரை வெயிலில் பனி இளகிய பிறகுதான் ஒரு மணல்தொட்டியும், இரண்டு ஊஞ்சல்களும், விளிம்பெல்லாம் துருவேறிய ஒரு சறுக்குப் பலகையும் மெல்ல மெல்ல வெளியே வந்தன.

அந்த மாதக் கடைசியில் ஒரு பின்னேரம் யன்னலால் எட்டிப் பார்க்கிறேன், இருபது இருபத்தைந்து பேர் தும்புத்தடியும் விறாண்டியுமாக முற்றத்தைக் கூட்டிக்கொண்டிருக்கிறார்கள். பனிக்காலத்தில் நடப்பவர்கள் வழுக்கி விழாமல் இருக்கத் தூவிய சல்லிக்கல்லை ஒரு கிழவர் தள்ளுவண்டியில் அள்ளிப் போடுகிறார். நகரசபைத் தொழிலாளர்கள் என்று நினைத்தேன். ‘இந்த வயதிலும் இந்த மனிதரை வேலை வாங்குகிறார்களே’ என்று மனம் கேட்காமல், வேலை முடிந்து வந்த கணவரிடம் சொன்னேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். கிழவர் இரண்டாம் மாடியில் குடியிருப்பவராம், ஓய்வுபெற்ற பல்வைத்தியராம்.

இதற்குப் பெயர் டுக்னாட். குடியிருப்பவர்கள் கூடிக் கூலியில்லாமல் செய்யும் பொதுவேலை. நோர்வேயின் தேசியச் சொல் எது என்று 2004இல் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி நேயர்களிடம் கேட்டபோது வென்றது இந்தச் சொல்தான். நாங்கள் சிரமதானம் என்போம். சனசமூக நிலையத்து வாசிகசாலைக்கு வெள்ளையடித்ததும், கொடியேற்றத்துக்கு முன்பு கோயில் வீதியில் புல்லுச் செருக்கியதும் நான் காணாததா? ஆனால் ஊரில் சிரமதானம் என்றால் சத்தம். ஒருவர் வெட்டுவார், நான்கு பேர் எப்படி வெட்ட வேண்டும் என்று சொல்வார்கள், ஐந்தாவது ஆள் தேநீர் இன்னும் வரவில்லையே என்று கோபிப்பார். இங்கே கீழே நிற்பவர்கள் வாய் திறந்ததாகவே தெரியவில்லை. திரைச்சீலைக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டு உலை வைக்கப் போய்விட்டேன்.

நான்கைந்து வருடம் அப்படியே போனது. வருடா வருடம் படிக்கட்டடியில் அறிவித்தல் ஒட்டுவார்கள்: நாள், நேரம், கையுறை கொண்டு வரவும், வாபிளும் கோப்பியும் உண்டு. “மாதாமாதம் பொதுச் செலவுக்குக் கட்டுகிறோம்தானே, பிறகென்ன கூட்டுவது?” என்பார் கணவர். எனக்குத் தடை மொழி. நோர்வேஜிய மொழி வகுப்பறைக்குள் என் நாவில் நன்றாகத்தான் புரண்டது. வாசலைத் தாண்டியதும் ஒளித்துக்கொள்ளும். படியில் எதிர்ப்பட்டால் அவர்கள் ‘ஹை’ என்பார்கள், நானும் ‘ஹை’ என்பேன். அயலட்டையோடு எனக்கிருந்த உறவு அந்த ஓரெழுத்துதான்.

2014 வசந்தத்தில் மகளுக்கு மூன்று வயது. சறுக்குப் பலகையின் உச்சியில், தகரமும் மரமும் சேரும் இடுக்கில், அவளுடைய குளிர்ச்சட்டையின் தொப்பி மாட்டிக்கொண்டது. உடம்பு சறுக்கப் பார்க்கிறது, கழுத்து வர மறுக்கிறது. நான் ஓடுவதற்குள் பக்கத்தில் நின்ற ஒரு சோமாலியத் தகப்பன் அவளை ஒரு கையால் தூக்கி, மறுகையால் தொப்பியைப் பிய்த்தெடுத்துவிட்டார். பிள்ளைக்கு ஒன்றுமில்லை. எனக்குத்தான் அன்றிரவு முழுக்க நித்திரை இல்லை. மறுநாள் அந்தச் சறுக்குப் பலகையைச் சுற்றிச் சிவப்பு வெள்ளை நாடா கட்டியிருந்தது.

எங்கள் குரூருட் பள்ளத்தாக்குக்கு அந்த நாட்களில் நிறையப் பணம் வந்துகொண்டிருந்தது. அரசும் ஒஸ்லோ மாநகரமும் 2007இல் தொடங்கிய பத்தாண்டுத் திட்டத்தில் பூங்காக்கள் வந்தன, ஆல்னா ஆற்றோரம் துப்புரவானது. ஆனால் கட்டட முற்றம் வேறு கணக்கு. இங்கே எங்களைப் போன்றவர்கள் இருப்பது கூட்டுறவு வீட்டுத்திட்டத்தில். வீட்டை வாங்குவது என்றால் சங்கத்தில் ஒரு பங்கை வாங்குவது. விளையாட்டு உபகரணங்களின் பாதுகாப்புக்கு 1996இலிருந்து தனி விதிமுறை இருக்கிறது. பொறுப்பு உரிமையாளருடையது. உரிமையாளர் யார் என்று பார்த்தால், நாங்கள்தான். குற்றம் சொல்ல ஓர் ஆள் தேடிக்கொண்டிருந்த எனக்கு இது பெரிய ஏமாற்றம்.

அடுத்த ஆண்டுக் கூட்டத்தில் இரண்டு யோசனைகள் வந்தன: எல்லாவற்றையும் கழற்றிவிட்டுச் சைக்கிள் நிறுத்த இடம் போடுவது, அல்லது திருத்துவது. ஒரு பங்குக்கு ஒரு வாக்கு. முதன்முறையாகக் கூட்டத்துக்குப் போய்க் கை தூக்கினேன். திருத்தும் பக்கம் வென்றது. ஒரு வங்கி அறக்கட்டளை கொஞ்சம் தந்தது. கூலி கட்டுப்படியாகாது என்பதால் கூலிக்குப் பதில் நாங்கள்.

2016 ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை. வெள்ளைச் சப்பாத்தோடு இறங்கிப் போனேன் என்பதை இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது. கீழ்வீட்டு அம்மா என் காலைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை, உள்ளே போய் ஒரு சோடி இறப்பர் சப்பாத்துக் கொண்டுவந்து வைத்தார். ஒரு காலத்தில் பள்ளிக்கூடத்தில் மரவேலை படிப்பித்தவர். எழுபத்தைந்து வயதிருக்கும். பிரதமரையே பெயர் சொல்லிக் கூப்பிடும் நாடு இது, எல்லோரும் ‘நீ’தான். அந்த மனுசியைப் பெயர் சொல்லி, அதுவும் ‘நீ’ என்று எப்படிக் கூப்பிடுவது? முன்னால் போய் நின்று தொண்டையைச் செருமுவேன். அன்று முழுக்கச் செருமினேன். தடிமனா என்று கேட்டார்.

மண்ணைத் தோண்டுவதுதான் எங்கள் வேலை. சறுக்குப் பலகைக்கும் ஊஞ்சலுக்கும் கீழே இறுகிப்போன மணலை முப்பது சென்டிமீட்டர் ஆழத்துக்கு அள்ளி, உருண்டைக் கூழாங்கல் நிரப்ப வேண்டும். விழுகிற பிள்ளைக்கு அந்தக் கல் விலகி இடங்கொடுக்கும், கட்டிபட்ட மண் கொடுக்காது. கட்டடத்தின் நிழல் விழும் மூலையில் ஒரு சாண் தோண்டியிருப்பேன், மண்வெட்டி ணங்கென்று எகிறியது. பாறை என்றேன். ‘தேலே’ என்றார் அம்மா. குனிந்து தொட்டேன். மண்தான், கறுத்து, பளபளத்து, இரும்பாக உறைந்து கிடந்தது. மேலே புல் துளிர்த்துவிட்டது, கீழே பனிக்காலம் இன்னும் போகவில்லை. வகுப்பறையில் யாரும் எனக்குக் கற்றுத்தராத அந்தச் சொல்லை நான் மறக்கவே இல்லை. மண்ணுக்குள்ளிருந்து பதினொரு விளையாட்டுக் கார்கள், ஒரு தேக்கரண்டி, ஒரு பால்பல்லு. பல்லைப் பல்வைத்தியர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, மேல்வரிசை என்று தீர்ப்புச் சொன்னார்.

மணல்தொட்டியின் பழைய பலகைகள் பச்சைச் சாயை ஓடியிருந்தன. ஊரில் என்றால் அடுப்புக்கு ஆகும் என்று யாராவது தூக்கிப் போயிருப்பார்கள். நான் அதைச் சொன்னதும் அம்மாவின் முகம் மாறியது. மரம் உக்காமல் இருக்கச் செம்பும் குரோமியமும் ஆர்சனிக்கும் ஏற்றிய பலகை அது. இந்த நாட்டில் 2002இல் தடைசெய்தார்கள். மண்ணில் கசியும், எரித்தால் சாம்பலும் நஞ்சு. தனியாகக் கட்டி, ஆபத்தான கழிவு எடுக்கும் இடத்துக்கு அனுப்பினோம். என் மகள் அந்தத் தொட்டி மணலை எத்தனை தடவை வாயில் போட்டிருப்பாள் என்று நான் எண்ணிப் பார்க்காமல் விட்டேன்.

பன்னிரண்டு மணிக்கு வாபிள். அதன் மேல் மண்ணிறப் பாற்கட்டியைச் சீவி வைத்துத் தந்தார்கள். நிறத்தைப் பார்த்துப் பனங்கட்டி என்றே நம்பிக் கடித்துவிட்டேன். மோர்த்தெளிவை வற்றக் காய்ச்சி எடுப்பதாம். இனிப்பா உப்பா என்று நாக்கு தீர்மானிக்க ஒரு நிமிடம் எடுத்தது. பதிலுக்கு நான் கொண்டுபோன பருத்தித்துறை வடையைத் திறந்தேன். முதலில் எடுத்தவர் பல்வைத்தியர். கடித்த சத்தம் ஊஞ்சல் வரை கேட்டது. “நான் இன்னும் தொழிலில் இருந்திருக்கலாம்” என்றார். ஆறு வருடத்தில் அந்த முற்றத்தில் நான் கேட்ட முதல் பெருஞ்சிரிப்பு அது. மூன்றாம் வாசல் பாகிஸ்தானியப் பெண் செய்முறை கேட்டாள், சோமாலியத் தகப்பன் நான்கு வடையை மேசையிலிருந்து நேரே சட்டைப்பைக்கு அனுப்பினார்.

கணவர் இரண்டாம் சனிக்கிழமைதான் இறங்கினார், அதுவும் சும்மா பார்க்க என்று. பார்க்க வந்தவர் கையில் சுத்தியலைக் கொடுத்துவிட்டார்கள். சிறுவர் குடிலின் மேடைக்கு வேலிச்சட்டம் அடித்தது அவர்தான். அன்றிரவு சாப்பாட்டு மேசையில் அந்த வேலியைத் தவிர வேறு கதை இல்லை.

மே 17, நோர்வேயின் அரசியலமைப்பு நாள். பிள்ளைகள் கொடியோடு ஊர்வலம் போகும் நாள். அதற்குள் திறந்துவிட வேண்டும் என்று எல்லோருக்கும் அவசரம். நான்கு நாள் முன்பு பரிசோதகர் வந்தார். அவரிடம் ஒரு மரக்கட்டை இருந்தது. மேடைவேலியின் ஒவ்வொரு இடைவெளியிலும் அதை நுழைத்துப் பார்த்தார். 8.9 சென்டிமீட்டருக்குக் கூடினால் பிள்ளையின் உடம்பு புகுந்து தலை மாட்டும். 23க்கு மேலே போனால் தலையும் வந்துவிடும். நடுவில் இருப்பதுதான் ஆபத்து. கட்டை பன்னிரண்டு இடத்தில் நுழையவில்லை. பதின்மூன்றாவதில் நுழைந்தது. கணவர் ஒன்றும் சொல்லாமல் வீட்டுக்கு வந்து தேநீர் குடித்தார்.

இரவு ஒன்பது மணி. மே மாதத்தில் இங்கே அது பின்னேரந்தான், முற்றத்தில் நல்ல வெளிச்சம். நான் யன்னலால் பார்த்தேன். அவர் குந்தியிருந்து ஆணி பிடுங்கிக்கொண்டிருந்தார். கீழ்வீட்டுக் கதவு திறந்தது. அம்மா ஒரு சிறு மரத்துண்டும் அளவுநாடாவும் கொண்டு போய்ப் பக்கத்தில் குந்தினார். இருவரும் பேசியதாகத் தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் அம்மா நிமிர்ந்து மேலே பார்த்து, விரலால் சைகை காட்டினார். எனக்கு விளங்கவில்லை. பிறகு வாய்விட்டே கேட்டார், அந்த வடையில் இன்னும் மிச்சம் இருக்கிறதா என்று.