பூங்காவில் மோப்ப நாய்ப் பயிற்சி மையமா?

எங்கள் குடியிருப்புப் பூங்காவுக்குப் போலீஸ் மோப்ப நாய்ப் பயிற்சி மையத்தை மாற்றப் போகிறார்களாம். நேற்று காலை நடக்கப் போனபோது வேப்பமரத்தடியில் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தது. பிள்ளைகளின் ஊஞ்சல் கோட்டுக்கு அந்தப் பக்கம். வயிறு கலங்கிவிட்டது.

அந்த நாய்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. 1951-லேயே நாய்ப் படையைத் தொடங்கியது நம் காவல்துறை. வெடிகுண்டு தேடும் நாய் குரைக்காது, பிறாண்டாது. வாசனை பிடித்ததும் அப்படியே உட்கார்ந்துவிடும். ஒரு குட்டியை அந்த நிலைக்குக் கொண்டுவர மாதக்கணக்கில் ஒரே ஆள் கூடவே இருந்து பழக்க வேண்டும். அதற்குத் தாராளமான இடம், நிழல், அமைதி எல்லாம் வேண்டும். இங்கே மூன்று பக்கமும் வீடுகள். கூட்டத்துக்குப் பழக்க வேண்டுமா, சரி, வாரம் ஒருநாள் கூட்டி வரட்டும். நாங்களே தண்ணீர் வைக்கிறோம். ஆனால் வேலி போட்டு மொத்தமாக எடுத்துக்கொள்வது வேறு.

பெங்களூரில் பூங்காவுக்கு ஒதுக்கிய மனையைத் தனியார் மருத்துவமனை கட்டக் கொடுத்தார்கள். அந்தப் பகுதி மக்கள் விடாமல் வழக்காடினார்கள். 1991-ல் உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. மருத்துவமனைக்கே அந்தப் பதில்தான்.

நம் மனைப்பிரிவு வரைபடத்திலும் இந்த இடம் பூங்கா என்றுதான் இருக்கிறது. பழைய நகல் யாரிடமாவது இருந்தால் எடுத்து வையுங்கள். ஞாயிறு காலை 7 மணி, சிமெண்ட் பெஞ்சு பக்கம். மனுவில் கையெழுத்துப் போட வீட்டுப் பெரியவர்களையும் கூட்டி வாருங்கள்.