தக்கலையில் கிளம்பி, கிழக்கே சுற்றி, தக்கலைக்கே வந்த கணக்கு

இருபத்திரண்டு வருடம் மஸ்கட்டில் வேலை பார்த்தவன் நான். திருவனந்தபுரத்தில் ஏறி மஸ்கட்டில் இறங்குவேன், மஸ்கட்டில் ஏறி திருவனந்தபுரத்தில் இறங்குவேன். இதை வைத்தே ஊரில் எனக்கு விமானம் தெரிந்த ஆள் என்று பெயர். நானும் அதை நம்பிக்கொண்டிருந்தேன். 2023 கடைசியில், உடம்பில் தெம்பு இருக்கும்போதே உலகத்தை ஒரு சுற்று சுற்றிவிடலாம் என்று நானும் மனைவியும் உட்கார்ந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு ரூட் என்பது புரிந்தது. தக்கலை–நாகர்கோவில் பஸ்ஸில் தினமும் போகிறவன் இந்தியா முழுக்க அத்துப்படி என்று சொல்வது மாதிரிதான் இதுவும்.

முதலில் என் கண்ணில் பட்டது உலகச் சுற்று டிக்கெட். ஒன்வேர்ல்ட், ஸ்டார் அலையன்ஸ் போன்ற விமானக் கூட்டணிகள் விற்கிறவை. ஒரே டிக்கெட், அதிகபட்சம் 16 பயணத் துண்டுகள், ஒரு வருடத்துக்குள் முடிக்க வேண்டும். கிழக்கே கிளம்பினால் கிழக்கேதான், மேற்கே கிளம்பினால் மேற்கேதான். பசிபிக்கையும் அட்லாண்டிக்கையும் தலா ஒரு முறை தாண்டியாக வேண்டும். நாம் ரயிலிலோ பஸ்ஸிலோ கடக்கிற தூரமும் ஒரு துண்டாகக் கணக்கில் ஏறும். எந்த நாட்டில் தொடங்குகிறோம் என்பதைப் பொறுத்து விலையும் மாறும். இரண்டு மாதம் நான் இந்த விளையாட்டிலேயே கிடந்தேன். ராத்திரி பதினோரு மணிக்கு லிமாவிலிருந்து மாட்ரிட்டுக்குக் கோடு போடுவேன், காலையில் அழிப்பேன்.

கலிஃபோர்னியாவில் இருக்கிற என் மச்சான், மனைவியின் தம்பி, ஒரு நாள் போனில் கேட்டான்: "அத்தான், டிக்கெட் எல்லாம் சரி. விசா?"

நமக்கு இதில் தொடக்கம் விசாதான். இது தெரிய எனக்கு இரண்டு மாதம் பிடித்தது. ஐரோப்பியர்கள் எழுதுகிற பயணக் குறிப்புகளில் விசா கடைசிப் பத்தியில் வரும். நம் பாஸ்போர்ட்டுக்கு அதுதான் முதல் பத்தி. அமெரிக்காவில் விமானம் மாறி ஏறுவதற்கே விசா வேண்டும். ஆனால் அந்த விசா கைக்கு வந்துவிட்டால் மெக்சிகோவுக்குத் தனி விசா வேண்டாம். ஆறு மாதமாவது மீதம் இருந்தால் பெருவுக்கும் வேண்டாம். ஒரு சாவிக்கு மூன்று பூட்டு. அதனால் அதில் தொடங்கினோம்.

தொடங்கியதுமே பெயர் வந்து குறுக்கே நின்றது. என் மனைவிக்கு ஒற்றைப் பெயர். பாஸ்போர்ட்டில் சர்நேம் என்ற கட்டம் காலி. நம் ஊரில் இனிஷியலை வைத்தே ரேஷன் கார்டு முதல் கல்யாணப் பத்திரிகை வரை ஓட்டிவிடுகிறோம், அதனால் இது குறை என்றே யாருக்கும் தோன்றாது. இந்த மாதிரி பாஸ்போர்ட்டுக்கு அமெரிக்க விசா அடித்தால் இருக்கிற பெயர் சர்நேம் கட்டத்துக்குப் போய்விடும். முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்என்யூ' என்று வரும். முதல் பெயர் தெரியாது என்று அர்த்தம். விமான டிக்கெட் போடும் இடங்களோ இரண்டு கட்டத்தையும் நிரப்பாமல் நகர விடாது. ஒரு நிறுவனம் அதே பெயரை இரண்டு தடவை போடச் சொல்லும், இன்னொன்று வேறு மாதிரி சொல்லும். எட்டு விமானத்தில் எட்டு விதமாகப் பெயர் இருந்தால் எங்காவது ஒரு கவுன்ட்டரில் நிற்க வேண்டி வரும் என்று எனக்கு வெப்ராளம் பிடித்துக்கொண்டது. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் ஒற்றைப் பெயர்க்காரர்களைச் சுற்றுலா விசாவில் விடுவதில்லை என்று சொன்னதும் வளைகுடாக்காரன் எனக்கு நன்றாக நினைவிருந்தது.

சரி, பாஸ்போர்ட்டையே மாற்றிவிடலாம் என்று முடிவு. எப்படியும் 60 பக்க பாஸ்போர்ட்டாக வாங்கத்தான் நினைத்திருந்தோம். 36 பக்கத்துக்கு 1,500 ரூபாய், 60 பக்கத்துக்கு 2,000. சர்நேமாக யார் பெயரைப் போடுவது என்று வீட்டில் ஒரு நாள் பேச்சு நடந்தது. கல்யாணமாகி 27 வருடம் ஆகிவிட்டதே என்று நான் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தேன். "இஞ்ச பாருங்க, இனிஷியல் எங்க அப்பா எழுத்துதான. அவுங்க பேரையே போட்டுருங்க" என்று சொல்லிவிட்டு மரச்சீனி வேகவைக்கப் போய்விட்டாள்.

இதில் நான் செய்த மடத்தனம் ஒன்று. பாஸ்போர்ட்டை மாற்றுவதற்கு முன்பே, ஆர்வக்கோளாறில் டிஎஸ்-160 என்கிற அமெரிக்க விசா விண்ணப்பப் படிவத்தை நிரப்பி, ஆளுக்கு 185 டாலர் கட்டி, நேர்காணலுக்குத் தேதியும் எடுத்துவிட்டேன். புது பாஸ்போர்ட் வந்ததும் எண் மாறிவிட்டது. படிவத்தை முதலிலிருந்து நிரப்பி, அந்தப் புது எண்ணைத் தேதி எடுத்த கணக்கில் ஏற்ற வேண்டியதாயிற்று. பாஸ்போர்ட் முதலில், படிவம் பிறகு. எழுதும்போது எவ்வளவு சுலபமாக இருக்கிறது!

அப்போது சென்னை அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் முதல் தடவை விண்ணப்பிக்கிறவர்களுக்குக் காத்திருப்பு ஒரு வருடத்தைத் தாண்டியது. எங்களுக்குக் கிடைத்தது 2025 மார்ச். வேறு யாராவது ரத்து செய்தால் அந்த இடம் திறக்கும் என்பதால் காலையில் டீ குடிக்கும்போது ஒரு தடவை பார்ப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். அடிக்கடி பார்த்தால் கணக்கைச் சில நாள் பூட்டிவிடுவார்கள் என்று மச்சான் பயமுறுத்தியிருந்தான். ஜூலையில் ஒரு நாள், 2024 செப்டம்பர் தேதி திறந்தது. கன்னியாகுமரி எக்ஸ்பிரஸில் எழும்பூர் போய் இறங்கி, முதல் நாள் கைரேகை, மறுநாள் அண்ணா சாலையில் நேர்காணல். மூன்று கேள்வி, இரண்டு நிமிடம். பத்து வருட விசா கிடைத்தது.

அடுத்தது, கிழக்கே போவதா மேற்கே போவதா. மேற்கே போனால் உடம்புக்குத் தூக்கக் கேடு குறைவு, என் மனதிலும் அதுதான் இருந்தது. ஆனால் ஜப்பான் விசா கொடுத்த தேதியிலிருந்து மூன்று மாதத்துக்குள் அங்கே போய் இறங்க வேண்டும். ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம். இரண்டையும் ஊரில் இருக்கும்போதே வாங்கியாக வேண்டும். அப்படியென்றால் ஜப்பான் பயணத்தின் முன்பக்கம், ஐரோப்பா பின்பக்கம். வேறு வழியே இல்லை, கிழக்கு.

திசை தெரிந்ததும் மாதங்கள் தானாக வந்து உட்கார்ந்தன. மார்ச் கடைசியில் ஜப்பான் போனால் சக்குரா என்கிற செர்ரி மரங்கள் பூக்கும். ஏப்ரல் கடைசியில் தொடங்குகிற கோல்டன் வீக் விடுமுறைக்கு முன் வெளியேறிவிடலாம், அப்போது ஓட்டல் விலை தாறுமாறாக ஏறும். பெருவில் மலைப்பக்கம் மே மாதத்தில் மழை விட்டிருக்கும். மலேசியா 7 நாள், ஜப்பான் 16, அமெரிக்கா 21, மெக்சிகோ 18, பெரு 18, ஸ்பெயின்–பிரான்ஸ்–இத்தாலி 24. மொத்தம் 104 நாள். ஷெங்கன் விசாவை அதிக நாள் தங்கும் நாட்டில் கேட்க வேண்டும் என்பதால் ஸ்பெயினுக்குப் பத்து நாள் கொடுத்தோம். ஆளுக்கு 90 யூரோ கட்டணம், 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு. இது பெரிய தலைவலி இல்லாமல் முடிந்தது.

இப்போது பழைய உலகச் சுற்று டிக்கெட்டை மறுபடி எடுத்துப் பார்த்தேன். ஒன்வேர்ல்டில் எங்களுக்கு வந்த விலை நபருக்கு நாலு லட்சத்தைத் தாண்டியது. அது போக, மெக்சிகோவிலிருந்து லிமாவுக்கு நேராகப் போகிற விமானம் அந்தக் கூட்டணியில் கிடைக்கவில்லை. வடக்கே மியாமி வரை ஏறி மறுபடி தெற்கே இறங்க வேண்டும். கண்ணுக்கு முன்னால் இருக்கிற வீட்டுக்கு ஊரைச் சுற்றிப் போகிற கதை. தனித்தனியாக எட்டு டிக்கெட் கூட்டிப் பார்த்தால் இரண்டு பேருக்கும் சேர்த்தே 4,25,000-தான் வந்தது. ஐந்து கண்டம், பத்துப் பதினைந்து ஊர், தேதியை அடிக்கடி மாற்றுவேன் என்கிறவர்களுக்கு அந்தப் பெரிய டிக்கெட் லாபம் தரலாம். எங்களைப் போல ஒரு ஊரில் கட்டில் போட்டு உட்காருகிறவர்களுக்கு அது வேண்டாம்.

தனி டிக்கெட்டில் உள்ள ஆபத்து, முதல் விமானம் தாமதமானால் அடுத்தவன் காத்திருக்க மாட்டான், காசும் தர மாட்டான். அதனால் தனித்தனியாக வாங்கிய எந்த இரண்டு டிக்கெட்டையும் ஒரே நாளில் வைக்கவில்லை. அப்புறம் மலிவு டிக்கெட்டில் பெட்டிக்குத் தனிக் காசு. அதையும் கூட்டித்தான் விலை பார்க்க வேண்டும்.

மார்த்தாண்டத்தில் ஒரு ஏஜென்ட் எல்லாவற்றையும் தானே செய்து தருவதாக நபருக்கு 12 லட்சம் பேக்கேஜ் சொன்னார். "அண்ணே, நீங்க பெட்டிய மட்டும் எடுத்தா போதும்" என்றார். அதற்கு மேல் வரும் டிசிஎஸ், அதாவது காசு கட்டும்போதே பிடித்துக்கொள்ளும் வரியைப் பற்றிக் கேட்டபோது பேச்சை மாற்றினார். அன்றைய விதிப்படி வெளிநாட்டுச் சுற்றுலாப் பேக்கேஜுக்கு முதல் 7 லட்சத்துக்கு 5 சதவீதம், அதற்கு மேல் 20. எங்கள் கணக்கில் நபருக்கு 1,35,000. வருமான வரிக் கணக்கில் திரும்ப வாங்கலாம்தான், ஆனால் அதுவரை அந்தக் காசு முடங்கிக் கிடக்கும். தனியாக ஏற்பாடு செய்து, செலவுக்கு அட்டையில் ஆளுக்கு 5 லட்சத்துக்குள் டாலரும் யூரோவும் ஏற்றிக்கொண்டதில் அந்தப் பிடித்தமே வரவில்லை.

கணக்கு நோட்டு மனைவி வசம். மகளிர் குழுவில் பத்து வருடம் பொருளாளராக இருந்தவள். நாட்டுக்கு நாடு ஒரு நாள் செலவு என்று கட்டம் போட்டாள்: இரண்டு பேருக்கும் மலேசியாவில் 6,000, ஜப்பானில் 13,000, மெக்சிகோவிலும் பெருவிலும் 7,000, ஐரோப்பாவில் 13,000. மச்சான் வீட்டில் இருக்கும் 12 நாளுக்கு நாளொன்றுக்கு 4,000. "தம்பி வீடுன்னா சும்மா போய் உக்காரக் கூடாது, பிள்ளைகளுக்கு ஏதாவது வாங்கணும்." ஜப்பான் ரயில் பாஸ் வேண்டாம் என்று அடித்ததும் அவள்தான். 2023 அக்டோபரில் ஏழு நாள் பாஸ் 29,650 யென்னிலிருந்து 50,000 ஆகிவிட்டது. நாங்கள் போகிற தூரத்துக்குத் தனி டிக்கெட்டே மலிவு.

அந்த நோட்டில் ஒரு தேதிக்கு ஒரு வரி. ஏப்ரல் 16 அன்று சாயங்காலம் டோக்கியோவில் ஏறி, அதே ஏப்ரல் 16 காலையில் லாஸ் ஏஞ்சலஸில் இறங்குகிறோம். தேதிக் கோட்டைத் தாண்டுவதால் இப்படி. "அப்ப அன்னைக்கு ரெண்டு தடவ காலச் சாப்பாடு வருமே" என்று அந்த வரியை இரண்டாகப் பிரித்துவிட்டாள். எனக்கு இது தோன்றவே இல்லை.

குளச்சலில் கப்பலில் போய் ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர், பெரு என்றதும் மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டாயா மக்கா என்று கேட்டார். பெருவிலிருந்து கிளம்பி ஆறு நாளுக்குள் இந்தியா வந்தால்தான் சான்றிதழ் கேட்பார்கள், எங்களுக்கு நடுவில் ஐரோப்பா 24 நாள் இருந்தது. ஆனால் அமேசான் காட்டுப் பக்கம் போக ஆசை இருந்ததால் தூத்துக்குடி துறைமுகச் சுகாதார அலுவலகத்தில் போட்டுக்கொண்டோம். போட்ட பத்தாவது நாளிலிருந்து ஆயுள் முழுக்கச் செல்லும்.

2025 மார்ச் 24 கிளம்பி ஜூலை 6 ராத்திரி வீட்டுக்கு வந்தோம். விமானம், தங்கல், சாப்பாடு, விசா, காப்பீடு, கைக்காவலுக்கு ஒன்றரை லட்சம் எல்லாம் சேர்த்து 17 லட்சம் என்று போட்டிருந்தோம், 17,60,000 ஆயிற்று. ஜப்பானில் மிச்சம் பிடித்ததை ஐரோப்பிய ரயில் தின்றுவிட்டது. ஜூன் மாத ரயில் டிக்கெட்டை இரண்டு மாதம் முன்பே எடுக்காமல் விட்டது என் தப்பு. நோட்டில் அந்த வரிக்குப் பக்கத்தில் என் பெயரை எழுதி வைத்திருக்கிறாள்.

60 பக்க பாஸ்போர்ட்டில் இதுவரை ஆறு பக்கம்தான் நிரம்பியிருக்கிறது. பெருவில் முத்திரையே குத்தவில்லை.