ஒண்ணும் வரலைன்னா காசு திரும்பி வருமா?

மருத்துவக் காப்பீடு என்றால் இன்றைக்கு நம் ஊரில் ஞாபகம் வருவது முதலமைச்சர் திட்டத்தின் அட்டைதான். 2009-இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாக வந்தது, 2012-இல் பெயரும் கம்பெனியும் மாறியது, பிரீமியத்தை அரசே கட்டிவிடுகிறது. அதற்கு முன்னால் சனங்களே தலைக்கு இவ்வளவு என்று போட்டு, சங்கமே முன்னின்று நடத்துகிற காப்பீடு அங்கங்கே இருந்தது. நிலக்கோட்டைப் பக்கம் மகளிர் குழுக்களில் வேலை பார்த்த காலத்தில் அதற்கு நான் சந்தா வசூலித்திருக்கிறேன். அதனால்தான் யாராவது மேடையேறி "ஏழைகளுக்கு இன்சூரன்ஸ் புரியாது, அதான் சேர மாட்டேங்கிறாங்க" என்று பேசினால் எனக்கு எரிச்சலாக வருகிறது. புரியாமல் எல்லாம் இல்லை. நன்றாகப் புரிந்துதான் யோசிக்கிறார்கள்.

வசூலுக்கு முன்னால் கணக்கெடுப்பு ஒன்று நடந்தது. எந்தக் குடும்பம் எவ்வளவு கட்டத் தயார் என்று வீடு வீடாகக் கேட்பது. அதற்கு ஒரு முறை உண்டு: பெரிய தொகையில் ஆரம்பித்து, முடியாது என்றால் கொஞ்சம் குறைத்து, சரி என்று சொல்கிற இடத்தில் நிறுத்தி எழுதிக்கொள்ள வேண்டும். முதல் தெருவில் ஒழுங்காகத்தான் போனது. மூன்றாவது தெருவுக்குப் போவதற்குள் சேதி முந்திக்கொண்டது. "மேலத்தெருவுல நூறுக்கு இறங்குனீங்களாமே, எங்களுக்கு மட்டும் ஏன் முந்நூறு சொல்றீங்க?" என்று ஒரு அக்கா திண்ணையில் பூ கட்டிக்கொண்டே கேட்டார். மீன் சந்தையில் பேரம் பேசுகிற அதே முகம். இன்னொரு பக்கம், வெளியூரிலிருந்து வந்தவர்கள் மனம் கோணக்கூடாது என்று கலர் வாங்கிக் கொடுத்து, கேட்ட தொகைக்கெல்லாம் "தர்றோம் சார்" என்று தலையாட்டிய வீடுகளும் இருந்தன. அதே வீடுகளுக்கு நான் ரசீது புத்தகத்தோடு போனபோது "அவரு இல்லையே, அடுத்த வாரம் வாங்களேன்" என்றார்கள். ஆக, தாளில் எழுதிய தொகை வேறு, கைக்கு வந்த தொகை வேறு. இதில் பொய் சொன்னவர்கள் என்று யாரையும் நான் சொல்ல மாட்டேன். கேள்வி கேட்கிற விதம் அப்படி.

அப்புறம் அந்த முக்கியமான கேள்வி. ஏறக்குறைய எல்லாக் குழுவிலும் யாராவது ஒருத்தர் கேட்டுவிடுவார்கள்: "ஏன்க்கா, வருஷம் முழுக்க ஒண்ணும் வரலைன்னா காசத் திருப்பித் தருவீங்களா?" சிரிப்பதற்கு இதில் ஒன்றுமே இல்லை. சீட்டுப் போட்டால் என்றைக்காவது நம் முறை வரும். மொய் செய்தால் நம் வீட்டு விசேஷத்தில் திரும்ப வரும், நோட்டில் எழுதியே வைத்திருப்போம். சாவுக்கு என்று ஊரில் வசூலிக்கிற நிதிகூட ஒருநாள் எல்லோருக்கும் உண்டு. இன்சூரன்ஸ் ஒன்றில்தான், நல்லபடியாக இருந்தால் காசு போச்சு. அடுத்தவர்கள் வியாதிக்கு நாம் கொடுக்கிறோம் என்பதை ஒத்துக்கொள்ளக்கூட ஆள் உண்டு, ஆனால் அந்த அடுத்தவர் யார், நிஜமாகவே ஆஸ்பத்திரியில் படுத்தாரா என்று தெரிய வேண்டும் அல்லவா?

அதனால் என்ன செய்வார்கள்? "எங்க மாமியாருக்கு இளைப்பு இருக்கு, அவங்கள மட்டும் சேர்த்துக்கோங்க." ஒற்றை ஆளுக்கு மட்டும் சந்தா நீட்டுவார்கள். வீட்டுக்கு ஒரு நோயாளியை மட்டும் சேர்த்துக்கொண்டே போனால் நிதி ஒரு வருஷம் தாங்காது; அதனால் குடும்பத்தோடு சேர்ந்தால்தான் உண்டு என்று விதி வைத்தோம். குடும்பப் புகைப்படமும் கேட்டோம். அந்தப் புகைப்படம் எடுக்கிற செலவே சந்தாவில் ஒரு பங்கு வந்தது என்பது தனிக் கதை.

வசூலுக்குப் போகிற நாளும் அதே அளவு முக்கியம். பள்ளிக்கூடம் திறக்கிற ஜூன் மாதம் போய் நின்றால் யாரும் ஏறெடுத்துப் பார்க்க மாட்டார்கள். பூ கமிஷன் கடையில் வாரக் கணக்கு முடித்து வருகிற அன்று சாயங்காலம் போனால், அதே வீட்டில், அதே ஆள் எடுத்துக் கொடுப்பார்.

நீலகிரி கூடலூர் ஆதிவாசிகளின் திட்டம் பற்றி எங்களுக்கு அடிக்கடி சொல்வார்கள். பணியர், பெட்டகுறும்பர், முள்ளுகுறும்பர், காட்டுநாயக்கர் என்று அந்த மலை மக்கள் சேர்ந்த ஆதிவாசி முன்னேற்றச் சங்கம், 'அஸ்வினி' என்கிற தொண்டு நிறுவனம் நடத்துகிற ஆஸ்பத்திரி, 1992-இலிருந்து காப்பீடு. அரசு அட்டை வருவதற்குப் பதினேழு வருஷம் முன்னால்! தலைக்குச் சின்னத் தொகை. போதாததற்கு வெளி உதவி. அங்கேயும் ஊர் மொத்தமும் வருஷா வருஷம் கட்டிவிடவில்லை. ஆனால் வசூலிக்க வருகிறவர் சொந்தச் சங்கத்து ஆள், வார்டில் ஊசி போடுகிற நர்ஸ் அந்த ஆஸ்பத்திரியிலேயே பயிற்சி எடுத்த, மலைக்காரப் பெண். வேறெந்தக் காரணத்தையும்விட இதுதான் அந்தத் திட்டத்தை நிலைத்து நிற்க வைத்தது என்பது என் எண்ணம்.

இதற்கு நேர் எதிராகப் பெரிய அளவில் நடந்தது கர்நாடகத்தின் யஷஸ்வினி. 2003-இல் கூட்டுறவுச் சங்க விவசாயிகளுக்காகத் தொடங்கியது, ஆளுக்கு வருஷத்துக்கு 60 ரூபாய், அறுவை சிகிச்சை மட்டும். லட்சக்கணக்கில் சேர்ந்தார்கள். பிறகு 60-ஐ 120 ஆக்கியதும் கிட்டத்தட்ட இருபது லட்சமாக இருந்தது பதினைந்து லட்சத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. மாதத்துக்கு ஐந்து ரூபாய்தானே கூடுதல் என்று ஆபீஸில் உட்கார்ந்து சொல்லலாம். ஐந்து பேர் இருக்கிற வீட்டுக்கு 300 ரூபாய் 600 ஆகிறது, அதையும் ஒரே தவணையில் எடுத்துவைக்க வேண்டும்.

எங்கள் ஊரில் கதை விலையால் முடியவில்லை. ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் எங்கள் உறுப்பினர் ஒருத்தரைச் சேர்த்தோம், அட்டையைக் காட்டியும் முன்பணம் கட்டினால்தான் படுக்கை என்றார்கள். வட்டிக்கு வாங்கிக் கட்டினார்கள். பிறகு, முன்னாலிருந்தே இருந்த வியாதி என்று எழுதி, எங்கள் சங்கத்துத் திட்டத்துக்குப் பின்னால் இருந்த காப்பீட்டுக் கம்பெனி பணம் தர மறுத்துவிட்டது. அடுத்த வருஷம் அந்தத் தெருவில் ஒரு வீடுகூடப் புதுப்பிக்கவில்லை. நான் போனதும் கதவைச் சாத்தவில்லை, தண்ணீர் கொடுத்தார்கள், உட்காரச் சொன்னார்கள், சந்தாவைப் பற்றி மட்டும் யாரும் வாயே திறக்கவில்லை.

இப்போது அரசு அட்டை வந்துவிட்டதால் பெரிய ஆபரேஷனுக்குக் கடன் வாங்குவது குறைந்திருக்கிறது, மறுக்க முடியாது. ஆனால் சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை, காய்ச்சலுக்குத் தனியார் டாக்டர் ஃபீஸ், சின்னச் சின்ன டெஸ்ட், ஆட்டோ, வேலைக்குப் போகாததால் போன கூலி, இதற்கெல்லாம் அட்டை உதவாது. மாசா மாசம் கையை அரிப்பது இந்தச் செலவுதான். பழைய குழுவில் இன்னும் சில அக்காக்கள் கூடிப் பேசுகிறார்கள். மாதம் ஆளுக்கு 50 ரூபாய் போட்டு மாத்திரைக்கு ஒரு நிதி தொடங்கலாம் என்று யோசனை. தொகையில் ஒருத்தருக்கும் ஆட்சேபம் இல்லை. எந்த மருந்துக்கடையில் கணக்கு வைப்பது, பாஸ் புத்தகம் யார் வீட்டில் இருப்பது என்பதில்தான் இழுபறி. நடுவே ஒருத்தர், மாத்திரையே சாப்பிடாத வீட்டுக்கு வருஷக் கடைசியில் பாதிப் பணம் திருப்பிக் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறார். அதற்கும் நிறையப் பேர் சரி என்றிருக்கிறார்கள்.