மாவுக்கட்டு நாட்கள்

ஜூன் 3
தூக்கம் வரவில்லை. மறுபடியும் ஸ்பார்க்கிள்ஹார்ஸ் இசைக்குழுவின் 'குட் மார்னிங் ஸ்பைடர்' ஆல்பம். 17 பாடல்களும் முடிந்தபோது வாசலில் பால்காரரின் மணி கேட்டது.

ஜூன் 4
14 மணி நேரம். இந்தக் கணக்கைத் தாண்டி என்னால் போகவே முடியவில்லை. 1996, லண்டன். ரேடியோஹெட் குழுவுடன் சுற்றுப்பயணத்தில் இருந்த ஸ்பார்க்கிள்ஹார்ஸின் பாடகர் மார்க் லிங்கஸ், விடுதி அறையில் மாத்திரை மயக்கத்தில் தன் கால்கள் மீதே மடங்கி விழுந்து கிடக்கிறார். தூக்கி நிமிர்த்தியதும், நசுங்கிய கால்களில் தேங்கியிருந்த பொட்டாசியம் பாய்ந்து இதயம் நின்றுவிடுகிறது. மீட்டுவிட்டார்கள். பிறகு பல அறுவை சிகிச்சைகள், மாதக்கணக்கில் சக்கர நாற்காலி.
நான் படிக்கட்டின் கீழே கிடந்தது 40 நிமிடம்தான். அது இன்னும் முடியவில்லை.

ஜூன் 5
வலி.

ஜூன் 9
மாவுக்கட்டை மாற்றினார்கள். உள்ளே இருந்த கால் யாருடையதோ போல வெளிறிச் சூம்பியிருந்தது. வீடு வந்ததும் 'பிக்' போட்டேன். வேறு உடம்பு கேட்டுக் கத்துகிற பாட்டு. சத்தம் பிடிக்காமல் எப்போதும் அதைத் தாண்டிவிடுவேன். இன்று மூன்று முறை கேட்டேன்.
"குறைக்கட்டுமா அக்கா?" என்று தம்பி எட்டிப் பார்த்தான்.
"கூட்டு."

ஜூன் 12
'ஹேப்பி மேன்'. இந்த மனிதரை என்ன செய்வது! வர்ஜீனியாவில் வீட்டிலேயே ஒலிப்பதிவு செய்து, பெரும்பாலான கருவிகளைத் தானே வாசித்து, இழைத்து இழைத்துச் செய்த ஆல்பம். அதில் வானொலிகள் கொண்டாடியிருக்கக்கூடிய பாட்டு இதுதான். அதைப் போய் வானொலி இரைச்சலுக்கு அடியில் புதைத்துவிட்டார். குரல் வருகிறது, நழுவுகிறது, மறுபடி எங்கோ தூரத்தில் வருகிறது. வெகுநேரம் கழித்துத்தான் துலங்குகிறது.
2000இல் வந்த 'டிஸ்டார்ட்டட் கோஸ்ட்' தட்டில் இரைச்சல் இல்லாத மெம்பிஸ் வடிவம் இருக்கிறது. அதையும் கேட்டேன். நல்ல பாட்டு. ஆனால் எனக்கு அது வேண்டாம்.
அப்பா சிற்றலை வானொலியின் முள்ளை மயிரிழை மயிரிழையாக நகர்த்துவார். பாட்டு சிக்கியதும் திருகிலிருந்து கையை எடுக்க மாட்டார், எடுத்தால் போய்விடும் என்று. பாட்டு முடியும்வரை குனிந்தபடியே நிற்பார்.

ஜூன் 13
நேற்று 'புதைத்துவிட்டார்' என்று எழுதியது தவறு. அந்த அறையின் தரையில் கிடந்தவருக்கு உலகம் இப்படித்தான் கேட்டிருக்கும். எனக்கும் அப்படித்தான் கேட்டது: மாடி வீட்டுத் தொலைக்காட்சி, யாரோ சிரிப்பது, பிறகு ஒன்றுமில்லை.

ஜூன் 17
'செயின்ட் மேரி', பாடிங்டனில் அவரைப் பார்த்துக்கொண்ட செயின்ட் மேரி மருத்துவமனைச் செவிலியர்களுக்கான பாட்டு. எவ்வளவு மெல்லிய குரல்! பக்கத்துப் படுக்கையில் இருப்பவர் விழித்துவிடக் கூடாது என்பதுபோல.
எனக்கு அறுவை நடந்த இரவில் கையைப் பிடித்துக்கொண்டே நின்ற செவிலியரின் பெயரை நான் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை?

ஜூன் 18
2010, மார்ச். 47 வயது. இதற்கு மேல் எழுத மாட்டேன்.

ஜூன் 21
அவர் முடிக்காமல் விட்டுப்போன பாடல்களை உடன்பிறந்த சகோதரர் மேட்டும் மேட்டின் மனைவி மெலிசாவும் முடித்து, 2023இல் 'பேர்ட் மெஷின்' என்று வெளியிட்டார்கள். இறந்தவரின் குரலை மட்டும் தனியாக ஓடவிட்டு, அதன் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்வதற்கு எவ்வளவு மனத்திடம் வேண்டும்.
தம்பி இன்று என் கால் நகங்களை வெட்டிவிட்டான். இருவரும் ஒன்றும் பேசவில்லை.

ஜூன் 24
நாளை கட்டைப் பிரிக்கிறார்கள். காலை ஊன்றலாமா என்று நாளைதான் தெரியும். 14 மணி நேரம், 14 மணி நேரம்.

ஜூன் 25
எனக்கு முன்னால் நான்கு பேர். காதில் 'ஹேப்பி மேன்', இன்னும் இரைச்சல் பகுதிதான். தம்பி டோக்கனைக் கையில் வைத்துக்கொண்டு