இருபது பவுண்டு டாக்ஸியும் எலன் டெர்ரியின் பொன்வண்டு கவுனும்

முதலில் அந்த டாக்ஸிக்காரரைப் பற்றி எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் வயிற்றெரிச்சல் அடங்காது. இங்கிலாந்தின் கென்ட் மாவட்டத்தில் இருக்கிற டென்டர்டன் ஊரிலிருந்து ஸ்மால்ஹைத் இரண்டு மைல்தான். அதற்கு இருபது பவுண்டு! நம் காசில் இரண்டாயிரத்துக்கு மேல். அடுத்த பஸ் எப்போதோ. நடக்கலாம் என்றால் ஓரத்தில் நடைபாதையே இல்லாத கிராமத்து ரோடு, கொட்டுகிற மழை வேறு. மீட்டர் எங்கே என்று கேட்டதற்கு ஆள் கையை நீட்டி மழையைக் காட்டினார். லண்டனிலிருந்து ஹெட்கார்ன் வரை ரயில், அங்கிருந்து பஸ் என்று மிச்சம் பிடித்ததெல்லாம் இங்கே போயிற்று.

சரி, எதற்காக இவ்வளவு? எலன் டெர்ரி வாழ்ந்த வீட்டைப் பார்க்க. விக்டோரியா காலத்து இங்கிலாந்து நாடக மேடையில் அவருக்கு இணையான நடிகை இல்லை என்பது என் கட்சி. 1847இல் கோவென்ட்ரியில், ஊர் ஊராகப் போய் நடித்த பெற்றோருக்குப் பிறந்தவர். ஒன்பது வயதில் ஷேக்ஸ்பியர் நாடகத்தில் சிறுவன் வேஷம். பதினேழு நிரம்புவதற்குள் நாற்பத்தாறு வயது ஓவியர் வாட்ஸுக்குக் கல்யாணம் செய்து வைத்தார்கள். ஒரு வருஷம்கூட ஓடவில்லை. அப்புறம் காட்வின் என்கிற கட்டடக் கலைஞரோடு ஊரைவிட்டு ஒதுங்கி வாழ்ந்தார், இரண்டு குழந்தைகள். கடன் கழுத்தை நெரித்த நேரத்தில் நாடகாசிரியர் சார்ல்ஸ் ரீட் மறுபடி நடிக்கக் கூப்பிட, வாரத்துக்கு நாற்பது பவுண்டு கேட்டாராம். கேட்டது கிடைத்தது, 1874இல் மேடைக்குத் திரும்பினார். அந்தத் துணிச்சல் எனக்கு டாக்ஸியில் வரவில்லை.

வீடு பதினாறாம் நூற்றாண்டு மரச்சட்ட வீடு. ஒரு காலத்தில் இங்கே கப்பல் கட்டினார்கள் என்றால் நம்ப முடியாது, இப்போது சுற்றிலும் வயலும் ஆட்டு மந்தையும்தான். உத்தரம் தலையில் இடிக்கும், தரை ஒரு பக்கமாகச் சாயும். மற்ற அறைகளைச் சீக்கிரம் பார்த்துவிட்டு உடுப்புகள் இருக்கிற அறைக்குப் போய்விடுங்கள்.

அங்கேதான் அந்தக் கவுன். 1888இல் நடிகர் ஹென்றி இர்விங் நடத்திய லண்டன் லைசியம் தியேட்டரில், ஷேக்ஸ்பியரின் ‘மக்பெத்’ நாடகத்தில் லேடி மக்பெத்தாக எலன் போட்டது. பச்சையும் நீலமுமாகப் பின்னிய துணி, அதன் மேல் ஆயிரம் வண்டுச் சிறகுகளைத் தைத்திருக்கிறார்கள். எந்த வண்டு? தீப்பெட்டிக்குள் கொன்றை இலை போட்டு நாம் வளர்த்த பொன்வண்டு வகைதான்! கத்தியே விட்டேன். மஸ்லின் துணியில் இந்தச் சிறகைத் தைத்து மெட்ராஸிலிருந்து அந்தக் காலத்தில் ஏற்றுமதியே செய்திருக்கிறார்கள். மங்கலான வெளிச்சத்திலும் அந்தப் பச்சை மின்னுகிறது. 2011இல் முடிந்த பழுதுபார்ப்புக்கு ஏறக்குறைய 1,10,000 பவுண்டு ஆனதாம். என் இருபது பவுண்டு கொஞ்சம் ஆறிப்போனது.

கோபம் வந்த இடமும் இதுதான். இருபது வருஷத்துக்கு மேல் இர்விங்கும் இவரும் சேர்ந்துதான் லைசியத்தைத் தூக்கி நிறுத்தினார்கள். இர்விங்குக்கு 1895இலேயே சர் பட்டம். இவருக்கு, பெண்களுக்கான அதே மாதிரி டேம் பட்டம் 1925இல்தான், எழுபது வயதைத் தாண்டிய பிறகு. மூன்று வருஷத்தில் இதே வீட்டில் இறந்துபோனார். மகள் ஈடித் பக்கத்துக் களஞ்சியத்தையே நாடகக் கொட்டகையாக்கி, 1939இல் வீட்டை, பழைய இடங்களைப் பாதுகாக்கிற நேஷனல் டிரஸ்ட் அமைப்பிடம் ஒப்படைத்தார்.

வெளியே வந்ததும் டீயும், ஸ்கோன் என்கிற குட்டி ரொட்டியும். சூடு ஆறாத ஸ்கோன், விரல் பட்டதும் புட்டு மாதிரி உதிர்ந்தது. மேலே கட்டி க்ரீம், ஸ்ட்ராபெர்ரி ஜாம். இங்கிலாந்துச் சாப்பாட்டைத் திட்டுகிறவர்கள் இதைச் சாப்பிட்டுவிட்டு வந்து பேசட்டும்.

போகிறவர்களுக்கு: வீடு எல்லா நாளும் திறந்திருக்காது, பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். பஸ் நேரத்தையும் முன்பே குறித்துக்கொள்ளுங்கள். கையில் காசு குறைவு என்றால் லண்டனிலேயே டேட் பிரிட்டன் ஓவியக் கூடத்துக்குப் போங்கள். இதே கவுனில் கிரீடத்தைத் தலைக்கு மேல் தூக்கி நிற்கிற எலனை ஓவியர் சார்ஜென்ட் ஆளுயரத்துக்கும் பெரிதாக வரைந்திருக்கிறார். நேஷனல் போர்ட்ரெய்ட் கேலரியில் வாட்ஸ் வரைந்த இளம் மனைவி எலன். இரண்டு இடத்திலும் நிரந்தரக் காட்சிக்கு நுழைவு இலவசம். லைசியம் இன்னும் இருக்கிறது, ஆனால் அங்கே ஓடுவது லயன் கிங் இசை நாடகம், டிக்கெட் விலையைப் பார்த்துவிட்டு வாசலோடு திரும்பிவிட்டேன்.