அந்த அம்மா நடந்த 800 மைல்

மார்மன் சபை (அமெரிக்காவில் தோன்றிய ஒரு கிறிஸ்தவப் பிரிவு) வரலாறுன்னாலே எல்லாரும் பலதார மணத்துக்குப் போயிடுறாங்க. எனக்கு ஜேன் மேனிங் ஜேம்ஸ்தான் ஞாபகம் வருவார். கறுப்பினப் பெண். 1843ல் படகில் ஏற்ற மறுத்ததால், நியூயார்க் மாநிலத்து பஃபலோவிலிருந்து, மார்மன்கள் அப்போ குடியிருந்த இல்லினாய் ஊரான நாவூ வரை ஏறக்குறைய 800 மைல் நடந்தே போனவர். செருப்பு தேய்ந்து, பாதம் வெடித்து, நடந்த தடமெல்லாம் ரத்தம் (அவரே சொல்லி எழுதவைத்தது).

பின்னாடி மார்மன்கள் குடியேறிய யூட்டாவில், மேலான மோட்சத்துக்கு அவசியம்னு அவங்க நம்பும் கோயில் சடங்குக்காக வருஷக்கணக்கா கேட்டுக்கிட்டே இருந்தார். 1894ல் கிடைச்சது என்ன தெரியுமா? சபையை நிறுவிய ஜோசப் ஸ்மித்துக்கு நித்திய வேலைக்காரியாக ஒரு சடங்கு! அதுக்கும் அவரை உள்ளே விடலை. அவருக்குப் பதிலா வேறொரு பெண் நின்றார்.

1908ல் ஜேன் இறந்தார். கறுப்பினத்தவரை இந்தச் சடங்குகளிலிருந்து ஒதுக்கிய இனத்தடை நீங்கியது 1978ல். அடுத்த வருஷம் அவர் பெயரில் சடங்கை முடிச்சாங்க.

இவ்வளவுக்கும் கடைசிவரை சபையை விட்டுப் போகலை அந்த அம்மா. அதுதான் எனக்கு இன்னும் பிடிபடலை.